நம் ஊர் மேடையேறும்போது

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: லூக்கா 4:21-30)



தெருக்கூத்து பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நள்ளிரவு தாண்டிவிட்டது, பாதிப் பேர் பாயில் சாய்ந்துவிட்டார்கள், பிள்ளைகள் தூங்கிப்போனார்கள். அந்த நேரத்தில் கட்டியக்காரன் திரையை விலக்கிக்கொண்டு வருகிறான். கதை நடப்பது அத்தினாபுரத்தில். ஆனால் அவன் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டே நம் ஊர்ப் பெயரைச் சொல்கிறான், நம் ஊர் ஏரியைச் சொல்கிறான், நம் ஊர்த் தேநீர்க் கடையைச் சொல்கிறான். உடனே கூட்டம் முழுவதும் எழுந்து உட்காருகிறது. விசில் பறக்கிறது. தூங்கிய பிள்ளையைத் தாய் தட்டி எழுப்புகிறாள். பாண்டவர் கதைக்கு வராத உற்சாகம், நம் ஊர்ப் பெயர் ஒன்றுக்கு வந்துவிடுகிறது.

ஏன் அப்படி? தினமும் நடந்துபோகிற தெருதான். அதே குழியும் குப்பையும் உள்ள தெருதான். அதை ஒருவர் பாட்டில் வைத்து, வேடம் கட்டி, விளக்கு வெளிச்சத்தில் சொல்லும்போது நமக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. 'நாம் இருக்கிறோம் என்று யாரோ பார்த்திருக்கிறார்கள்' என்ற மகிழ்ச்சி அது. இந்த மகிழ்ச்சியைப் பற்றித்தான், ஊர்ப்பெருமையைப் பற்றித்தான், இன்றைய நற்செய்தியோடு சேர்த்துச் சிந்திக்க உங்களை அழைக்கிறேன்.

நம் தமிழ் நாடக மரபில் ஊரைப் பாடுவதற்கென்றே ஒரு வகை உண்டு. அதுதான் குறவஞ்சி. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தலைவி வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வருகிற குறத்தி, உடனே குறி சொல்லிவிடுவதில்லை. முதலில் தன் மலையின் வளத்தைப் பாடுகிறாள், நாட்டின் வளத்தைப் பாடுகிறாள், அருவியைப் பாடுகிறாள். பாட்டும் ஆட்டமுமாகக் குற்றாலமே மேடைக்கு வந்துவிடுகிறது. அந்நூலைக் கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார் என்றும், அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்ற பெயர் நிலைத்தது என்றும் சொல்வார்கள். ஊரைப் பாடிய பாட்டு, கடைசியில் ஊரின் ஒரு பகுதிக்கே பெயராகிவிட்டது!

நம் சகோதர சபையைச் சேர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், 1800ஆம் ஆண்டளவில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். அவர் பெத்லகேமைப் பார்த்தவர் அல்லர். ஆனாலும் அங்கே தேவமோகினி என்றொரு தலைவியை நிறுத்தி, ஞானச் சிங்கியைக் குறி சொல்ல அனுப்பி, யூதேயாவின் அந்தச் சிற்றூரைத் தமிழ் மக்கள் தம் ஊர்போல உணரும்படி செய்தார். தன் ஊரை நேசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பிறர் ஊரையும் நேசிக்கத் தெரியும் என்பதை அந்நூல் எனக்கு எப்போதும் நினைவூட்டும்.

நமக்குப் பக்கத்து ஊர்க் கதை ஒன்றுக்கு வருவோம். செஞ்சி. நம்மில் பலருக்கு அது தாய்வழி ஊர், சிலருக்குச் சம்பந்தி ஊர். செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேசிங்குராஜன் 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு போரிட்டு, இருபத்திரண்டு வயதளவில் களத்தில் விழுந்தான். அந்தக் கதையை மக்கள் பாட்டாகப் பாடினார்கள், கூத்தாக ஆடினார்கள். வட தமிழகத்தில் எத்தனையோ ஊர்களில் தலைமுறை தலைமுறையாக விடிய விடிய ஆடப்பட்ட கூத்து அது. செஞ்சிக்காரர் அதைப் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! 'எங்க கோட்டை, எங்க ராஜா' என்ற பெருமிதம் அதில் தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் காலக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். அந்தப் பெருமிதத்துக்கு உலகமும் இப்போது முத்திரை குத்திவிட்டது. நம் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்ற கல்தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். ஆகவே அந்தப் பெருமையில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கூத்தில் மக்கள் கண்ணீர் விடுவது எந்த இடத்தில்? கோட்டையின் உயரத்தைப் பாடும்போது அல்ல. தேசிங்குவின் நண்பன் மகபத்கான், ஓர் இசுலாமியன், தன் திருமணக் கோலத்தோடு மணமேடையை விட்டு எழுந்து, நண்பனுக்காகப் போர்க்களத்துக்குப் புறப்படுகிறானே, அந்த இடத்தில்தான். வரலாற்றாசிரியர்கள் கதையில் எது நடந்தது, எது புனைந்தது என்று ஆராயட்டும். பாடிய மக்களின் நெஞ்சு எங்கே நின்றது என்பது தெளிவாகத் தெரிகிறது. கோட்டை அவர்களைக் கூத்துக்கு அழைத்து வந்தது. நட்பு அவர்களை விடியும்வரை உட்கார வைத்தது. செஞ்சிக்குப் பெருமை அதன் கல்லால் வந்ததா, அந்த இரு நண்பர்களால் வந்ததா என்று கேட்டால், கூத்தைப் பார்த்த எந்தப் பாட்டியும் பதில் சொல்லிவிடுவார்.

இனி நம் புதுச்சேரிக்கு வருகிறேன்.

யான் மார்ட்டெல் என்ற கனடா நாட்டு எழுத்தாளர் 2001இல் 'லைஃப் ஆஃப் பை' என்ற நாவலை எழுதினார். கதைநாயகன் புதுச்சேரிப் பையன். அடுத்த ஆண்டே அதற்குப் புக்கர் பரிசு கிடைத்தது. 2012இல் ஆங் லீ அதைத் திரைப்படமாக்கினார். நம் தெருக்களில் படப்பிடிப்பு நடந்ததை உங்களில் பலர் நேரில் நின்று பார்த்திருப்பீர்கள். அதில் பம்பாய் ஜெயஸ்ரீ அம்மையார் பாடிய தமிழ்த் தாலாட்டு ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரை ஆனது. பிறகு அந்தக் கதை மேடை நாடகமும் ஆயிற்று. லோலிதா சக்கரவர்த்தி எழுதிய அந்த நாடகம் 2019இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் தொடங்கி, 2021இல் லண்டனுக்கும் 2023இல் நியூயார்க்குக்கும் போனது. 2022இல் அதற்கு ஐந்து ஆலிவியே விருதுகள். அதில் புலியாக ஒரு பொம்மை வருகிறது. அந்தப் பொம்மையை இயக்கிய ஏழு பேருக்கும் சேர்த்துச் சிறந்த துணை நடிகருக்கான விருதைக் கொடுத்தார்கள். நம் பாட்டு நாடகம் போன்றது அல்ல அது. ஆனாலும் இசையும் பொம்மலாட்டமும் ஒளியும் சேர்ந்து கதை சொல்லும் நாடகம். நம் கூத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரிலிருந்து போய் ஐரோப்பாவில் வாழ்கின்ற குடும்பங்கள் எத்தனையோ. அப்படி ஒரு குடும்பத்தார் லண்டனில் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்கள்: "சாமி, மேடையில் பாண்டிச்சேரி என்ற பேரைச் சொன்னதும் நாங்க நாலு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டோம். பக்கத்து நாற்காலியில இருந்த வெள்ளைக்கார அம்மாகிட்ட, அது எங்க ஊருன்னு சொல்லணும்போல இருந்திச்சு." சொன்னீர்களா என்று கேட்டேன். "இடைவேளையில சொல்லிட்டோம் சாமி" என்றார்கள், சிரித்துக்கொண்டே. பிறந்த மண்ணைப் பிரிந்து இருபது ஆண்டுகள் குளிரில் உழைத்தவர்களுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! இந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆண்டவர் கொடுத்த நல்ல மகிழ்ச்சிதான் அது.

ஆனால் அதோடு நிறுத்திவிட முடியுமா? அந்த மேடையில் வந்த புதுச்சேரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அங்கே தாவரவியல் பூங்காவில் ஒரு விலங்குக் காட்சிச்சாலை இருக்கிறது. புலி, வரிக்குதிரை, மனிதக் குரங்கு எல்லாம் இருக்கின்றன. 1826இல் பிரெஞ்சுக்காரர் அமைத்த நம் தாவரவியல் பூங்கா உண்மை. அந்தப் புலிகள் கற்பனை. அது பரவாயில்லை, கதைக்குக் கற்பனை வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். அந்தப் பையன் கோவிலுக்கும் போகிறான், பள்ளிவாசலுக்கும் போகிறான், நம் ஆலயத்துக்கும் வருகிறான். மூன்று மதத்தாரும் ஒருநாள் கடற்கரையில் எதிர்ப்பட்டு, இவன் எங்கள் பிள்ளை, எங்கள் பிள்ளை என்று வாதாடும் வேடிக்கையும் நாவலில் வருகிறது. உலகம் நம் ஊரைப் பார்த்துப் புரிந்துகொண்டது இதைத்தான்: புதுச்சேரி என்றால் ஒரு சிறுவனின் நெஞ்சில் மூன்று வழிபாட்டு இடங்களும் சண்டையில்லாமல் இருக்கக்கூடிய ஊர்.

இப்போது நான் கேட்கிறேன். இது உண்மையா, இதுவும் புலியைப்போலக் கற்பனைதானா?

சகோதர சகோதரிகளே, தூய பவுல் அன்பைப் பற்றிச் சொல்லும்போது, அது தன்னைத்தானே புகழ்ந்துகொள்வதில்லை என்கிறார். அது உண்மையோடு சேர்ந்து மகிழும் என்றும் சொல்கிறார். ஊர்மேல் உள்ள அன்புக்கும் இதே அளவுகோல்தான். ஆகவே உண்மையைப் பேசுவோம்.

நம் ஊரின் பழங்கதையை நாள்தோறும் எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய நாட்குறிப்பில் 1748 செப்டம்பரில் நடந்த ஒரு செய்தி இருக்கிறது. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த நாட்கள். துய்ப்ளேக்சு ஆளுநர். நாம் சம்பா கோவில் என்று அழைக்கும் நம் பேராலயத்துக்குப் பக்கத்தில் அன்று வேதபுரீசுவரர் கோவில் இருந்தது. அது அந்த நாட்களில் இடிக்கப்பட்டது. அது இடிபட வேண்டும் என்று நெடுநாள் விரும்பியவர்களில் அன்றைய நம் குருக்களும் இருந்தார்கள். இதைப் பிள்ளையவர்கள் வேதனையோடு எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் வேதபுரீசுவரருக்கு வேறிடத்தில் கோவில் எழுந்தது. நம் ஆலயமும் 1761இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டு, முப்பது ஆண்டுகள் கழித்து 1791இல்தான் மீண்டும் எழும்பியது. வழிபாட்டு இடம் இடிபடுகிற வலி என்ன என்பது இரு தரப்புக்கும் தெரிந்த ஊர் இது. இன்று அந்த இரண்டு கோவில்களுக்கும் போகிறவர்கள் ஒரே பேருந்தில் போகிறார்கள், ஒரே கடையில் பூ வாங்குகிறார்கள். இந்த அமைதி தானாக வந்துவிடவில்லை. காயத்தின் மேல் வளர்ந்த தோல் அது. அதை யாரும் கீறிவிடாமல் காப்பது நம் பொறுப்பு. குறிப்பாக, அன்று பலம் பெற்றிருந்த நமக்கு அந்தப் பொறுப்பு கூடுதல்.

அதே நாட்குறிப்பில் இன்னொரு காட்சி உண்டு. ஆண்டு 1745. நம் கோவிலுக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. ஒருபக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் தலித் கிறிஸ்தவர்கள். ஒரே நற்கருணை, ஒரே பலிபீடம், நடுவிலே சுவர். ஒருநாள் அந்த ஏழைக் கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடி மூத்த குருவிடம் போனார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டார்கள். கேள்வியில் இருந்த நியாயத்தைக் குருவால் மறுக்க முடியவில்லை. சுவர் இடிக்கப்பட்டது. அதோடு பூசல் ஓய்ந்துவிடவில்லை. இன்றுவரை தமிழகத்தின் சில கல்லறைத் தோட்டங்களில்கூட அந்தச் சுவரின் நிழல் நீண்டு கிடக்கிறது. ஆனாலும் 280 ஆண்டுகளுக்கு முன்பே, பிரெஞ்சுப் புரட்சி சமத்துவம் என்ற சொல்லை முழங்குவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, நம் ஊர் ஏழைகள் அதை ஆலய வாசலில் நின்று கேட்டுவிட்டார்கள்!

புதுச்சேரியை மேடையேற்ற நினைப்பவர் யாராவது என்னிடம் வந்து எந்தக் காட்சியை வைக்கலாம் என்று கேட்டால், நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். மஞ்சள் வண்ணம் பூசிய பிரெஞ்சு வீடுகளையும் காகிதப்பூக் கொடியையும் எல்லாரும் காட்டிவிட்டார்கள். 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்டுப் போராடிச் சுடப்பட்டு இறந்த ஆலைத் தொழிலாளர் 12 பேரை எத்தனை மேடைகள் காட்டின? கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற நம் தெருக்களை யார் காட்டினார்கள்?

இப்போது இன்றைய நற்செய்திக்குத் திரும்புவோம்.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எழுந்து வாசிக்கிறார். எல்லார் கண்களும் அவர் மேலேயே இருக்கின்றன. அவர் பேச்சைக் கேட்டு வியக்கிறார்கள். நம் யோசேப்பின் மகன்தானே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அது பழிச்சொல் அல்ல, ஆரம்பத்தில் அது ஊர்ப்பெருமைதான். கலிலேயாவில் யாரும் மதிக்காத சிற்றூர் அது. நாசரேத்தில் இருந்தா நல்லது வரப்போகிறது என்று நத்தனியேலே கேட்டுவிட்டார் அல்லவா? அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பையன் இன்று நாடெங்கும் பேசப்படுகிறான். அவர்கள் நெஞ்சு நிமிர்ந்ததில் என்ன தவறு?

தவறு அடுத்த நொடியில் வருகிறது. கப்பர்நாகுமில் செய்ததை இங்கேயும் செய்யட்டும் என்ற எண்ணம் எழுகிறது. 'எங்கள் ஆள், எங்களுக்கே முதலில்' என்ற உரிமை கொண்டாட்டம். இயேசு அவர்களுக்கு இரண்டு பழங்கதைகளை நினைவூட்டுகிறார். பஞ்ச காலத்தில் இஸ்ரயேலில் எத்தனையோ கைம்பெண்கள் இருந்தும், எலியா அனுப்பப்பட்டது சீதோன் பகுதிச் சாரிபாத்தில் இருந்த வேற்றினத்துக் கைம்பெண்ணிடம். எத்தனையோ தொழுநோயாளர் இருந்தும், எலிசாவின் காலத்தில் நலம் பெற்றவர் சிரியா நாட்டு நாமான். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதுவரை பெருமையில் ஒளிர்ந்த முகங்கள் சினத்தால் சிவந்துவிட்டன. ஊரே எழுந்து, ஊர் அமைந்திருந்த மலையின் விளிம்புக்கே அவரைத் தள்ளிக்கொண்டு போனது.

எவ்வளவு குறுகிய தூரம் பாருங்கள்! கைதட்டலில் இருந்து மலை விளிம்பு வரை ஒரே காலைப்பொழுதுதான். 'இது எங்கள் ஊர்' என்று மகிழ்வது ஒன்று. 'இது எங்களுக்கு மட்டும்தான்' என்று கதவைச் சாத்துவது வேறொன்று. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஏறக்குறைய ஒரே சொற்களில் வந்துவிடுவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இயேசு அந்த ஊரை வெறுத்தாரா? இல்லவே இல்லை. தம்மைத் தள்ளிய ஊரின் பெயரை அவர் கடைசிவரை சுமந்தார். சிலுவைக்கு மேலே பிலாத்து எழுதிவைத்த பலகையில் நாசரேத்து என்ற பெயர் இருந்தது என்று யோவான் எழுதுகிறார். காலிக் கல்லறையில் பெண்களிடம் பேசிய இளைஞரும் அவரை நாசரேத்து இயேசு என்றே குறிப்பிடுகிறார் என்பது மாற்கு தரும் செய்தி. தமஸ்கு வழியில் உயிர்த்த ஆண்டவர் சவுலிடம் தம்மை அறிமுகப்படுத்தும்போதும் தம் ஊர்ப்பெயரைச் சேர்த்தே சொல்கிறார். உயிர்ப்பின் மகிமையிலும் அவர் ஊரை உதறிவிடவில்லை! எருசலேமை அவர் எப்படி நேசித்தார் என்பதும் நமக்குத் தெரியும். சீடர்கள் கோவிலின் கற்களையும் அழகையும் காட்டி வியந்தார்கள். அவரோ அந்த நகரைப் பார்த்து அழுதார். ஊரைப் பார்த்து வியக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். ஊருக்காக அழத் தெரிந்தவர்கள்தாம் அதன் உண்மையான மக்கள்.

நம் தட்டாஞ்சாவடியிலிருந்து சிறிது தூரத்தில் கருவடிக்குப்பம் இருக்கிறது. அங்கே ஒரு கல்லறை இருக்கிறது. தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் கல்லறை. 1867இல் தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று இன்றும் கிராமத்து மேடைகளில் விடிய விடியப் பாடப்படும் இசை நாடகங்கள் அவர் எழுதியவை. 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை ஒன்றை அமைத்து, அவர்களுக்குத் தமிழும் இசையும் நடிப்பும் கற்றுத்தந்தார். பின்னாளில் புகழ்பெற்ற அவ்வை தி.க. சண்முகம் அவரிடம் பயின்ற பிள்ளைகளில் ஒருவர். மணம் செய்துகொள்ளாமல் துறவிபோல் வாழ்ந்த அந்த மனிதர், பக்கவாதத்தால் தாக்குண்ட நிலையில், 1922 நவம்பர் 13 அன்று நம் புதுச்சேரியில் கண்மூடினார். நம் மண் அவரை வாங்கிக்கொண்டது. ஆண்டுதோறும் அந்த நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அவர் நம் ஊர்க்காரர் அல்லர். பாரதியார் நம் ஊர்க்காரர் அல்லர். எட்டயபுரத்திலிருந்து வந்து, 1908 முதல் பத்தாண்டுகள் இங்கே அடைக்கலம் பெற்றவர். குயில் பாட்டுக்குக் களமான தோப்பும் அதே கருவடிக்குப்பத்தில்தான். அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து வந்தவர். நாம் நம் பெருமை என்று சொல்லிக்கொள்கிறவர்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் வெளியூரிலிருந்து வந்தவர்கள். துரத்தப்பட்டு வந்தவர்கள், நோயோடு வந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள். பாரதிதாசனைப் போல இங்கேயே பிறந்தவர்களும் அப்படி வந்த ஒருவரைக் கண்டு மலர்ந்தவர்கள்தாம். புதுச்சேரியின் பெருமை எது என்று யாராவது கேட்டால், வந்தவர்களுக்கு இடம் கொடுத்ததுதான் என்று நான் தயங்காமல் சொல்வேன். சாரிபாத்துக் கைம்பெண் எலியாவுக்குச் செய்ததும் அதைத்தான். கடைசிப் பிடி மாவிலிருந்து ஓர் அப்பம் சுட்டுக் கொடுத்தாள்.

அப்படியானால் இன்றைய கேள்வி இதுதான். நம் தொழிற்பேட்டையில் இன்று வேலை செய்கிற பிகார், ஒடிசா, அசாம் மாநிலத்துத் தம்பிகளை நாம் எப்படிப் பார்க்கிறோம்? பத்துப் பேர் ஓர் அறையில் படுத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் துணி துவைத்து, கைப்பேசியில் தாயின் முகத்தைப் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கும் ஓர் ஊர் உண்டு. அந்த ஊருக்கும் ஒரு பாட்டு உண்டு, ஒரு கூத்து உண்டு. லண்டன் மேடையில் பாண்டிச்சேரி என்ற பெயரைக் கேட்டுக் கைபிடித்துக்கொண்ட நம் குடும்பத்தைப்போல, நம் தெருவில் தன் ஊர்ப் பெயரை யாராவது ஒருவர் அன்போடு சொல்லிக் கேட்க மாட்டோமா என்று அவர்களும் ஏங்கலாம் அல்லவா? 'எந்த ஊர் தம்பி?' என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அந்த முகம் மலர்வதை நீங்களே காண்பீர்கள்.

நம் பங்குமக்களிடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, பங்குத் திருவிழாவுக்கு நம் இளைஞர்கள் நாடகம் போடும்போது, இந்த முறை நம் ஊரை மேடையேற்றுங்கள். 1745இன் அந்தச் சுவரை அட்டையிலே செய்து நிறுத்துங்கள். அதை இடிக்கச் சொல்லிக் கேட்டவர்களின் வேடத்தை நம் பிள்ளைகள் ஏற்கட்டும். பாட்டு வேண்டுமானால் நம் பீடப் பாடகர் குழு இருக்கிறது. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள், இன்னும் இடியாமல் நம்மிடம் இருக்கிற சுவர் எது என்று பேசிக்கொண்டே போகட்டும்.

இரண்டாவது, ஒருநாள் மாலை மறைக்கல்விப் பிள்ளைகளைக் கருவடிக்குப்பத்துக்கு அழைத்துப் போங்கள். அவர் யார், எங்கிருந்து வந்தார், ஏன் இங்கே உறங்குகிறார் என்று சொல்லிக்கொடுங்கள். வெளியூரிலிருந்து யாராவது தேடி வந்து கேட்டால் வழிகாட்டவாவது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வரும் திருவிழா விருந்துக்கு உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலத்தார் ஒருவரையாவது, எந்த மதத்தவராக இருந்தாலும், உடன் அழைத்து வாருங்கள். ஒரு தட்டு சோறு கூடுதலாகச் செலவாகும். ஆகட்டும்.

கடைசியாக ஒன்று. நம் பகுதியின் பெயரை யோசித்திருக்கிறீர்களா? தட்டாஞ்சாவடி. எந்த நாடகத்திலும் வராத பெயர். சுற்றுலா வரைபடத்தில் யாரும் வட்டமிட்டுக் காட்டாத பெயர். தொழிற்பேட்டை, விற்பனைக் கூடம், லாரிகள், தூசி, இவைதாம் நம் அடையாளம் என்று நாமே குறைபட்டுக்கொள்கிறோம். ஆனால் சாவடி என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? வழிப்போக்கர் தங்கிப் போகும் இடம். மழைக்கு ஒதுங்குகிறவர், இரவாகிவிட்டதே என்று நிற்கிறவர், கால் ஓய்ந்தவர், எவராயினும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வதற்காக நம் முன்னோர் கட்டிவைத்தது. அந்தப் பெயரைத்தான் நாம் தினமும் முகவரியில் எழுதுகிறோம். நிலையான நகர் இங்கே நமக்கு இல்லை, வரப்போகும் நகரை நோக்கியே நடக்கிறோம் என்று எபிரேயர் திருமுகம் கற்பிக்கிறது. அப்படி நடக்கிறவர்களுக்கு வழியில் வேண்டியது ஒரு சாவடிதான்.

நம் ஊரை எந்த மேடையில் யார் காட்டினாலும் மகிழ்ந்து கைதட்டுவோம். கைதட்டி முடித்தபின், அங்கே பார்த்த ஊராக இந்த ஊர் ஆவதற்கு இன்று நான் செய்யக்கூடியது என்ன என்று ஒவ்வொருவரும் நம்மைக் கேட்டுக்கொள்வோம். தம் ஊரின் பெயரைச் சிலுவையிலும் சுமந்த நாசரேத்து இயேசு, நம் புதுச்சேரி மக்கள் அனைவரையும், இங்கே பிழைக்க வந்தவர்களையும், இங்கிருந்து பிழைக்கப் போனவர்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.